அக்டோபர் 30: மூன்று வெளியேற்றங்களும் நாம் வாசிக்கிற கவிதைகளும்

கோத்தகிரிக் கொழுந்து எழுதியது:

இணையவழி வாசிப்புக்கு நண்பர்கள் அனுப்பிய கவிதைப் பட்டியலைப் பார்த்தேன். எல்லாரும் ஈழக் கவிஞர்கள்: சேரன், வ.ஐ.ச. ஜெயபாலன், திருமாவளவன், சிவரமணி, ஆழியாள். இவர்களில் யாரையும் எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தலைப்பு 'இடப்பெயர்வும் அடையாளமும்', நாள் அக்டோபர் 30 என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த நாளை வைத்துத்தான் எனக்கு ஒரு கேள்வி.

1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் நாடற்றவர்களாக நின்ற இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று. 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1990 அக்டோபர் 30-ல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். 1995 அக்டோபர் 30-ல் ராணுவம் முன்னேறிவர, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமமே ஒரே இரவில் எழுந்து கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது.

மூன்றும் ஒரே தேதி. நம் பட்டியலில் மூன்றாவதும் அதற்கு முன்பின்னான போரும் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் தாத்தாவும் பாட்டியும் நுவரெலியா பக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிக்கொண்டு போன ரயிலுக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்றே பேர். கப்பலில் இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி. இங்கே தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியதே இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். அரசுக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதினார்கள். பார்த்தே இராத ஊருக்கு எப்படித் திரும்புவது? அங்கே இருந்தவரை இந்தியாக்காரர், இங்கே வந்த பிறகு சிலோன்காரர். எனக்கு நாற்பது வயதாகிறது, கோத்தகிரி கடைவீதியில் இன்னமும் 'சிலோன் வீட்டுப் பையன்' என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள்.

இடப்பெயர்வுக் கவிதை என்றாலே விமானநிலையம், பனி, ஐரோப்பியத் தெரு என்று நம் கண் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை இந்த ஒரு நாளாவது மாற்றலாம் என்பது என் எண்ணம்.


பனிவீதி (டொரன்டோ) எழுதியது:

அண்ணா, விமானநிலையமும் பனியும் என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடாதீங்கோ. திருமாவளவனின் 'பனிவயல் உழவு' 2000-ல் வந்த தொகுப்பு. தலைப்பிலேயே ஒரு வலிகாமத்து விவசாயி நிற்கிறார். அவருடைய ஊர்ப்பக்கம், வலிகாமம் வடக்கு, 1990-லிருந்தே ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகி அடைபட்ட நிலம். உழுத கைக்கு நிலமில்லை, கிடைத்த நிலத்தில் பனி. இதை வெறும் ஏக்கம் என்று யாரும் வாசிக்க முடியாது. 2015-ல் அவர் காலமானபோது இங்கே எத்தனை பேர் அந்தத் தொகுப்பைத் திரும்ப எடுத்தோம் என்று எனக்குத் தெரியும்.

மலையகத்தையும் முஸ்லிம்களையும் சேர்க்கவேணும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒப்பந்தத்தால் அனுப்பப்பட்டதும் குண்டுக்கு ஓடியதும் வேறு வேறு அனுபவம். ஒரே மேடையில் வைத்தால் மூன்றும் ஒன்றாகக் குழைந்துபோகும் என்று பயமாக இருக்கு.


கற்பிட்டி வாசகி எழுதியது:

சகோதரி பனிவீதி, குழைந்துபோகும் என்ற பயம் எங்களுக்கும் உண்டு. ஆனால் சேர்க்காமலே விட்டதில் நாங்கள் காணாமல்போனோம், அது அதைவிட மோசம்.

1990-ல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எழுபத்தைந்தாயிரம் பேர் அளவில் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் வாப்பா யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் தையல்கடை வைத்திருந்தவர். தைத்து முடிக்காத ஒரு கல்யாணச் சட்டை மெஷினில் இருந்தபடியே கடையைப் பூட்டினார். திறப்பை வாங்கி வைத்துக்கொண்டவர்கள் நகையையும் கேட்டார்கள். உம்மாவின் காதில் இருந்ததைக் கழற்ற முடியவில்லை, சவர்க்காரம் போட்டுக் கழற்றினார்களாம். இதை உம்மா சொல்லும்போது அழமாட்டார், காதைத் தடவுவார், அவ்வளவுதான். நான் புத்தளத்தில் பிறந்தவள். பள்ளியில் என்னை 'அகதிப் பிள்ளை' என்றார்கள். மார்க்கமும் மொழியும் ஒன்றாக இருந்தும் அப்படித்தான்.

இதை எழுதிய கவிஞர்கள் இல்லாமல் இல்லை. முல்லை முஸ்ரிபாவின் 'அவாவுறும் நிலம்' வாசித்துப் பாருங்கள். முல்லைத்தீவிலிருந்து பெயர்க்கப்பட்டவர். அவர் கவிதையில் நிலம் வெறும் நினைவுப் பொருளாக வராது, உடம்பில் பசி வருவது மாதிரி வரும். அவர்களை நாம் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறோம், கவிதை வாசிக்கக் கூப்பிடுவதில்லை. வருஷாவருஷம் ஒக்டோபரில் ஒரு கட்டுரை, ஒரு நேர்காணல், அதோடு சரி. எனக்கு வேண்டியது அவர்களை மற்ற ஈழக் கவிஞர்களை வாசிக்கிற அதே கவனத்தோடு, வரி வரியாக வாசிப்பது.


தரமணி எழுதியது:

கொஞ்சம் மாறுபட்டுச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நல்ல கவிதையைத் தேடுகிறோமா, எல்லாத் தரப்புக்கும் இடம் ஒதுக்குகிறோமா? கவிதை வாசிப்புக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் வித்தியாசம் இருக்க வேண்டும். கவிஞர் எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' இத்தனை காலம் நிற்பதற்குக் காரணம் அது 1981 யாழ் நூலக எரிப்பைப் பதிவு செய்தது மட்டுமல்ல. கொல்லப்பட்ட புத்தரையே நூலகப் படிக்கட்டில் கிடத்திய கற்பனை. அந்த ஒரு அடிதான் செய்தியைக் கவிதையாக்குகிறது. அனுபவம் பெரிதாக இருப்பதாலேயே கவிதை பெரிதாகிவிடாது. மலையகத்திலிருந்து அந்த உயரத்தில் என்ன இருக்கிறது என்று காட்டுங்கள், நானே முதலில் வாசிக்கிறேன்.


கோத்தகிரிக் கொழுந்து எழுதியது:

தரமணி, சரி, காட்டுகிறேன். ஆனால் முதலில் வைக்கப்போவது எழுதப்பட்ட கவிதை இல்லை, பாட்டு.

ஊரான ஊரிழந்தேன்
ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே
பெத்த தாயை நாமறந்தேன்

தோட்டத்துக்கு ஆள்சேர்த்த கங்காணி கூட்டிவந்த காலத்துப் பாட்டு. இயற்றியவர் பெயர் யாருக்கும் தெரியாது. இரண்டாவது அடியைப் பாருங்கள். ஒற்றைப் பனை எப்படித் தோப்பாகும்? கிளம்பும்போது அது ஒரு மரம்தான். பஞ்சத்தில் மிஞ்சிய ஒரு மரம். கண்டிச் சீமையில் நின்று நினைக்கும்போது அது தோப்பாகிவிடுகிறது. ஏக்கம் எப்படிப் பொய் சொல்லும் என்பதைப் பாடினவர் தெரிந்தே வைத்திருக்கிறார், மறைக்கவும் இல்லை. அப்புறம் நாலாவது அடியில் பழியை யார்மீதும் போடவில்லை, தன்மீதே போட்டுக்கொள்கிறார். 'மறந்தேன்' என்கிறார். இழந்ததற்கும் மறந்ததற்கும் நடுவில் ஒரு வாழ்க்கை முழுக்க ஓடியிருக்கிறது, நாலே அடியில்.

இந்தப் பாட்டைப் பாடியவரின் பேரப்பிள்ளைகளைத்தான் 1964-க்குப் பிறகு 'உன் ஊருக்குப் போ' என்று ரயிலேற்றினார்கள். ஒற்றைப் பனையும் அங்கே மிச்சமில்லை.

சி.வி. வேலுப்பிள்ளை இந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். 1947-ல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர். அடுத்த வருஷமே வந்த குடியுரிமைச் சட்டத்தில் அவருக்கு ஓட்டுப் போட்ட மக்கள் நாடற்றவர்களானார்கள். அவர் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்ட நெடுங்கவிதையைச் சக்தீ பால ஐயா தமிழாக்கினார். அதில் வருகிற கூலியாள் பரிதாபத்துக்குரியவர் இல்லை. தேயிலைச் செடியின் அடியில் புதைந்தவர், அந்த மண் தன்னுடையது என்று உரிமை கேட்கிறவர். அங்கிருந்து சு. முரளிதரனின் 'கூடைக்குள் தேசம்' வரை வாருங்கள். ஹைக்கூ அளவுக்குச் சுருங்கின வடிவம், தலைப்பிலோ ஒரு நாடு. உங்கள் உயரத்துக்கு இது போதுமா என்று நீங்களே சொல்லுங்கள்.


செம்மணி வெளி எழுதியது:

இழையை இரண்டு நாளாக வாசிச்சுக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். 1995-ல் நான் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுத இருந்த பிள்ளை.

அந்த இரவைப் பற்றி நிறையப் பேர் எழுதியாச்சு. ஒலிபெருக்கியில் அறிவிப்பு, மழை, நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரே வீதியில் லட்சக்கணக்கான சனம். நானும் அதில் நடந்தனான். கால் எடுத்து வைக்க இடமில்லை, நின்றால் பின்னால் வருகிற சைக்கிள் காலில் ஏறும். என் அப்பாச்சி சைக்கிள் கரியரில் இருந்தபடி ஒவ்வொரு கொஞ்ச நேரத்துக்கும் 'மாட்டை அவிட்டு விட்டனியளோ' என்று கேட்டுக்கொண்டே வந்தா.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்த இரவுக்குச் சரியாக ஐந்து வருஷம் முன்னம் அதே நாளில் எங்கள் நகரத்திலிருந்து ஒரு சமூகம் முழுக்க அனுப்பப்பட்டது. அந்த வீடுகள் ஐந்து வருஷமும் எங்கள் கண்முன்னால் திறந்து கிடந்தன. கூரை போனது, கதவு நிலை போனது. 1995 பற்றிய கவிதைகளில் 'நாம்', 'எம் நகர்', 'எம் வேர்' என்று வருகிற ஒவ்வோரிடத்திலும் நான் இப்ப நின்று யோசிக்கிறேன், இந்த 'நாம்' யார் யாரை உள்ளே எடுக்குது? 1995 நடந்ததே 1990-இன் சாபம் என்று சொல்கிற ஆக்களும் இருக்கினம். அதை நான் ஏற்கவில்லை, ஒரு துயரத்தை இன்னொன்றுக்குத் தண்டனையாக்கினால் இரண்டையும் சிறுமைப்படுத்துகிறோம். ஆனால் அந்த 'நாம்' மேல் கேள்வி கேட்காமல் இந்தக் கவிதைகளை வகுப்பில் படிப்பிக்க என்னால் ஏலாது.

எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் மிகத் தூரம் போனவர் சு. வில்வரத்தினம். புங்குடுதீவுக்காரர். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி 1991-ல் வெறுமையான பிறகு எழுதின கவிதைகள், 1995-ல் 'காற்றுவழிக் கிராமம்' என்று வந்தது. அதில் ஊரை விட்டுப் போனவன் பேசமாட்டான். ஊரில் எஞ்சிய காற்று அலையும். ஆளில்லாத வீடுகளுக்குள் போகும், ஒரு மூலையில் தனித்து விடப்பட்ட முதுமை ஒன்று உயிர்விடுவதைக் காணும், கூப்பிட ஒருவரும் இல்லாமல் தவிக்கும். கவிஞர் தன் துயரத்தைப் பின்னுக்குத் தள்ளி, போக முடியாமல் போனவரை முன்னுக்கு வைக்கிறார். 'நாம்' என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

பனிவீதி, குழைந்துபோகும் என்றீர்கள். மூன்றையும் யார் செய்தார்கள் என்பதை ஒளிக்காமல் சொன்னால் குழையாது. முதலாவதை இரண்டு அரசுகள் செய்தன. இரண்டாவதை எங்கள் பேரால் போராடியவர்கள் செய்தார்கள். மூன்றாவதில் ராணுவம் முன்னால் வந்தது, அறிவித்துக் கூட்டிக்கொண்டு போனவர்கள் புலிகள். இதைச் சொல்லிவிட்டு வாசிப்போம்.


பனிவீதி எழுதியது:

டீச்சர், இதை ஏற்கிறேன். நான் பயந்தது பொதுவாக 'எல்லாரும் அகதி' என்று முடித்துவிடுவோமோ என்றுதான். நீங்கள் சொல்கிற மாதிரி என்றால் சரி.

இன்னொன்றும் சேர்க்கவேணும் போலிருக்கு. நாங்கள் வந்து குடியேறிய நிலமும் யாரோ ஒருவரிடமிருந்து பறிக்கப்பட்டதுதானே. டொரன்டோவில் கூட்டம் தொடங்கும்போது இந்த மண்ணின் முதற்குடிகளை நினைவுகூர்ந்து ஒரு அறிக்கை வாசிப்பார்கள், பிறகு எங்கள் துயரத்துக்கு வந்துவிடுவோம். ஆழியாள் ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு அந்த நாட்டு ஆதிக்குடிக் கவிஞர்களைத் தமிழாக்கி 'பூவுலகைக் கற்றலும் கேட்டலும்' என்று கொண்டுவந்தார். அவருடைய சொந்தத் தொகுப்புகளை விடவும் அந்த மொழிபெயர்ப்பு எனக்குப் பெரிய காரியமாகப் படுகுது. ஊரை இழந்து வந்தவர், தான் வந்து சேர்ந்த ஊரை இழந்தவர்களின் குரலை முதலில் கேட்கிறார். நுஃமான் 1981-ல் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்ததோடு இதைச் சேர்த்து வாசிக்கலாம். அப்போது எங்களுக்கு ஒரு சொல்லகராதியே அதிலிருந்துதான் கிடைத்தது என்று மூத்தவர்கள் சொல்வார்கள்.


மண்டபத்தில் பிறந்தவள் எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

நீங்கள் சொன்ன மூன்று தேதியிலும் நான் இல்லை. எங்கள் அம்மம்மா குடும்பம் மலையகத்தில் இருந்து கலவரத்துக்குப் பயந்து வவுனியா போனவர்கள். அங்கிருந்து 1990-ல் படகில் இராமேஸ்வரம். நான் பிறந்தது முகாமில், 1993-ல். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. நான் ஆறு வருஷம் பிந்திவிட்டேன். தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேல் முகாம்கள் இருக்கின்றன. 2021-ல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். வீடுகளும் கட்டித் தருகிறார்கள், அதற்கு நன்றியோடுதான் இருக்கிறோம். குடியுரிமை மட்டும் இல்லை.

அம்மம்மாவுக்கு ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை வந்திருக்க வேண்டியது என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். காகிதம் எங்கேயோ போய்விட்டது. அப்படிப் பார்த்தால் 1964-ம் எங்கள் வீட்டுக்குள் இருக்கிறது.

முகாமில் ஆள் கணக்குச் சரிபார்க்கிற நாளைச் 'செக்கிங்' என்போம். அதைப் பற்றி நான் எழுதிய ஒன்றை இங்கே போடுகிறேன்.

செக்கிங் நாள்

அம்மம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்
செத்துப்போனார் என்றேன்
எழுதிக்கொண்டார்கள்

எந்த ஊர் என்றார்கள்
பத்தடிக்குப் பத்தடியைக் காட்டினேன்
சொந்த ஊர் என்றார்கள்
அம்மம்மா சொன்ன ஊரைச் சொன்னேன்

சின்ன ன-வா பெரிய ண-வா என்றார்கள்
எனக்கும் தெரியாது

அந்த ஊரில் கிணறு
வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால்
சரியாகச் சொல்லியிருப்பேன்


தரமணி எழுதியது:

கோத்தகிரி நண்பருக்கு: 'ஒத்தப்பனைத் தோப்பு' பற்றி நீங்கள் எழுதியதற்குப் பிறகு எனக்கு மறுப்பு இல்லை. அந்தப் பாட்டை வைத்துத்தான் வாசிப்பைத் தொடங்க வேண்டும்.

மண்டபத்தில் பிறந்தவருக்கு: கவிதை மிக நன்றாக வந்திருக்கிறது. மரியாதைக்காகச் சொல்லவில்லை. கேள்வி கேட்பவரைக் கெட்டவராகக் காட்டாததுதான் இதன் பலம், அவர் தன் வேலையைச் செய்கிறார். எழுத்துக்கூட்டத் தெரியாத ஊரின் கிணறு மட்டும் திசையோடு தெரிந்திருக்கிறது, கேள்விப்பட்டே சுமந்த ஊர் அப்படித்தான் இருக்கும். ஒரே ஒரு யோசனை. மூன்றாவது வரி, 'எழுதிக்கொண்டார்கள்', இல்லாமலும் கவிதை நிற்கும் என்று தோன்றுகிறது. 'செத்துப்போனார் என்றேன்' என்று நிறுத்திவிட்டு அடுத்த பத்திக்குப் போனால் வேகம் கூடும்.


கற்பிட்டி வாசகி எழுதியது:

தங்கச்சி, கிணறு எனக்கு உடனே பிடிபட்டது. 2009-க்குப் பிறகு வாப்பாவோடு முதல்முறை யாழ்ப்பாணம் போனபோது வீடு இருந்த இடம் தெரியாமல் அவர் தெருவில் நின்றார். சுற்றி எல்லாம் மாறிவிட்டிருந்தது. கிணற்றுக் கட்டை வைத்துத்தான் எங்கள் வளவை அடையாளம் பிடித்தார். நாங்கள் திரும்பிக் குடியேறவில்லை. போனவர்கள் சிலர் காணியும் வீடும் இல்லாமல் புத்தளத்துக்கே திரும்ப வந்தார்கள். 'மீள்குடியேற்றம்' என்று பதிவில் இருக்கும், ஆள் இங்கே இருப்பார்.

இந்தக் கவிதை வாசிப்பில் வரவேண்டும் என்பது என் கருத்து. 30-ஆம் திகதிக்குள் இல்லை என்பதற்காக விடக்கூடாது.


கோத்தகிரிக் கொழுந்து எழுதியது:

விடமாட்டோம். இதுவரை பேசியதை வைத்து ஒரு வரிசை போட்டிருக்கிறேன், மாற்றம் இருந்தால் சொல்லுங்கள். முதலில் 'ஊரான ஊரிழந்தேன்', தரமணி வாசிக்கிறார் (வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்). அடுத்து சி.வி.யின் பகுதியும் முரளிதரனின் சில ஹைக்கூவும் நான். முல்லை முஸ்ரிபாவைக் கற்பிட்டி அக்கா. 1990-ஐப் பற்றியும் 1995-ஐப் பற்றியும் முன்னுரை சொல்லி, வில்வரத்தினத்தைச் செம்மணி டீச்சர். திருமாவளவனும் ஆழியாள் மொழிபெயர்ப்பில் ஒன்றும் பனிவீதி. கடைசியில் 'செக்கிங் நாள்', எழுதியவரே வாசிக்க வேண்டும். நேரம் போதாது என்பதால் முதல் பட்டியலில் இருந்த சில பெரிய பெயர்கள் இந்த முறை இல்லை. அவர்களை எப்போது வேண்டுமானாலும் வாசிப்போம்.

முரளிதரனின் தொகுப்பு கையில் இல்லாதவர்கள் நூலகம் தளத்தில் தேடிப் பாருங்கள், ஈழத்துப் பழைய நூல்கள் நிறைய அங்கே வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன.


செம்மணி வெளி எழுதியது:

வரிசை நல்லாயிருக்கு. என் வகுப்புப் பிள்ளைகள் சிலரையும் கூட்டிக்கொண்டு வரலாமோ? 1990 பற்றிப் பாடப்புத்தகத்தில் அவர்கள் படித்ததில்லை, கற்பிட்டி வாசகியின் வாயால் கேட்கட்டும்.


கற்பிட்டி வாசகி எழுதியது:

கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள் டீச்சர். பிள்ளைகள் கேள்வி கேட்க நேரம் ஒதுக்குங்கள். உம்மாவும் பக்கத்தில் இருப்பார், விருப்பமென்றால் பேசுவார்.


மண்டபத்தில் பிறந்தவள் எழுதியது:

தரமணி அண்ணன் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். 'எழுதிக்கொண்டார்கள்' வரியை எடுக்கமாட்டேன். அம்மம்மா இறந்ததைச் சொன்ன உடனே அவர் பெயரை அடித்து, அந்த மாசத்திலிருந்து அவருக்கான பணக்கொடையை நிறுத்தினார்கள். அது சட்டப்படி சரிதான். ஆனால் இரண்டு நாடுகளிலும் அம்மம்மாவைப் பற்றி யாரும் தாமதமில்லாமல் எழுதியது அந்த ஒரு தடவைதான். கவிதை வேகமாகப் போவதற்காக அதை விட முடியாது.

வாசிக்கிறேன். ஜவுளிக்கடையில் எனக்கு எட்டரை மணிக்குத்தான் வேலை முடியும், என் முறையைக் கடைசியிலேயே வையுங்கள்.